ஜவ்வு விலகிய இடுப்புக்கு வீட்டுப் பயிற்சி

உழவர் குடும்ப நலம்

திருவாரூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். கணவருக்கு 47 வயது. இரண்டரை ஏக்கர் நஞ்சை, இரண்டு கறவை மாடுகள். சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்துக்கு நெல் மூட்டைகளை வண்டியில் ஏற்றியபோது அவருக்கு இடுப்பில் 'சுருக்' என்றது. மறுநாள் காலையில் இடது பிட்டத்தில் தொடங்கி, தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை மின்சாரம் பாய்வதுபோல வலி. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், இடுப்பின் 4-வது, 5-வது எலும்புகளுக்கு நடுவே ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று தெரிந்தது. இப்போதைக்கு அறுவை சிகிச்சை தேவையில்லை, மாத்திரையும் பயிற்சியும் போதும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

பயிற்சி சொல்லித்தரும் இடத்துக்குப் பஸ்ஸில் போய்வர ஒரு நாள் முழுவதும் ஆகிவிடுகிறது. இரண்டு முறை போனதோடு நின்றுவிட்டது. இரண்டு மாதமாகக் கணவர் கட்டிலை விட்டு அதிகம் இறங்குவதில்லை. "ஜவ்வு விலகினால் இனி மண்வெட்டி பிடிக்க முடியாது, மாட்டை விற்றுவிட்டு நிலத்தைக் குத்தகைக்கு விடுங்கள்" என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்களாம். வாசகி கேட்பது இரண்டு: வீட்டிலேயே என்ன பயிற்சி செய்யலாம்? மாட்டை விற்கத்தான் வேண்டுமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: அவசரப்பட்டு விற்க வேண்டாம். ஜவ்வு பிதுங்கிக் கால்வலி வந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரங்களில் வலி நன்றாகக் குறைந்துவிடுகிறது. பிதுங்கிய பகுதியை உடலே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்வதும் உண்டு. ஆனால் படுத்தே கிடந்தால் இடுப்பைத் தாங்கும் தசைகள் வலுவிழக்கும், மனமும் சோர்ந்துபோகும். வலி கடுமையாக இருக்கும் ஓரிரு நாள் படுக்கலாம், அதற்குமேல் முடிந்தவரை நடமாட வேண்டும் என்பதுதான் இன்று மருத்துவர்கள் சொல்வது. இந்த வாசகியின் கணவருக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டதால், பயிற்சியைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் ஒருமுறை மறுபடி காட்டிவிடுவது நல்லது.

ஜவ்வு என்ன ஆகிறது?

முதுகெலும்புகளுக்கு இடையே 23 ஜவ்வுத் தட்டுகள் இருக்கின்றன. இவற்றைத்தான் டிஸ்க் என்கிறோம். வெளிப்பக்கம் டயர் போல நார்வளையங்கள், உள்ளே ட்யூப் போல நீர் நிறைந்த கூழ். டயரின் ஓரம் நைந்துபோனால் ட்யூப் அந்த இடத்தில் பிதுங்கும் அல்லவா? அதுபோலத்தான், நார்வளையம் நைந்த இடத்தில் கூழ் பின்பக்கமாகப் பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பைத் தொடுகிறது. பெரும்பாலும் இது நடப்பது இடுப்பின் கடைசி இரண்டு தட்டுகளில். அதனால்தான் கோளாறு இடுப்பில் இருந்தாலும் வலி காலில் தெரிகிறது.

ஸ்வீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாச்செம்சன் 1960-களில் மனிதர்களின் ஜவ்வுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். அவருடைய கணக்குப்படி, நிமிர்ந்து நிற்கும்போது உள்ள அழுத்தத்தை 100 என்று வைத்துக்கொண்டால், மல்லாந்து படுக்கும்போது 25. முன்னால் குனியும்போது 150. கையில் எடையோடு குனியும்போது 220. நாற்று நடுவதும், களை பறிப்பதும், மூட்டை தூக்குவதும் இந்தக் கடைசி இரண்டு நிலைகளில்தான் நடக்கின்றன.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இரவில் படுத்திருக்கும்போது ஜவ்வு நீரை உறிஞ்சி உப்புகிறது. காலையில் நாம் மாலையைவிட 1 முதல் 2 சென்டிமீட்டர் வரை உயரமாக இருப்பது இதனால்தான். உப்பிய ஜவ்வு, எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிந்தால் எளிதில் நோகும். நம் வீடுகளிலோ எழுந்தவுடன் நடக்கும் வேலையே சாணி அள்ளுவதும் பால் கறப்பதும்தான்.

முதலில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள்

கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் பயிற்சி செய்யக் கூடாது.

- சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, அல்லது சிறுநீரும் மலமும் கட்டுப்பாடில்லாமல் போவது
- சைக்கிள் சீட்டில் உட்காரும்போது படும் பகுதி, பிறப்புறுப்பு, ஆசனவாய்ச் சுற்று ஆகியவை மரத்துப்போவது
- பாதம் தொங்குவது, செருப்பு காலில் நிற்காமல் நழுவுவது, கட்டைவிரலை மேலே தூக்க முடியாதது
- இரண்டு கால்களிலும் வலியும் பலவீனமும் கூடிக்கொண்டே போவது
- மரத்திலிருந்தோ பரணிலிருந்தோ விழுந்த பிறகு வந்த வலி
- முதுகுவலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் உடல் மெலிவது, முன்பு காசநோய் அல்லது புற்றுநோய் இருந்தது

முதல் இரண்டும் அவசரம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைத்து அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாமதித்தால் சிறுநீர்ப் பிரச்சினை வாழ்நாள் முழுவதும் நின்றுவிடக்கூடும்.

பயிற்சிக்கு ஒரே ஒரு விதி

வலி எந்தப் பக்கம் நகர்கிறது என்று கவனியுங்கள். பயிற்சி செய்யும்போது பாதத்தில் இருந்த வலி கெண்டைக்காலுக்கு, தொடைக்கு, பிட்டத்துக்கு என்று மேலே ஏறினால் அது நல்ல அறிகுறி. இடுப்பில் வலி கொஞ்சம் கூடியதுபோல் தெரிந்தாலும் பயப்பட வேண்டாம். மாறாக, வலியோ மரமரப்போ கீழே இறங்கினால் அந்தப் பயிற்சி இப்போது ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். உடனே நிறுத்திவிட வேண்டும்.

இந்த விதி கிடைத்ததே தற்செயலாகத்தான். 1956-ல் நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் ராபின் மெக்கன்சி என்ற இயன்முறை மருத்துவரிடம் இடுப்பு, கால் வலியோடு ஒருவர் வந்தார். தலைப்பக்கம் உயர்த்தி வைத்திருந்த மேசையில் அவர் தவறுதலாகக் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்பக்கம் வளைந்திருந்தது. சில நிமிடம் கழித்து மருத்துவர் வந்து பார்த்துத் திடுக்கிட்டார். நோயாளியோ கால்வலி போய்விட்டது என்றார். அதிலிருந்து வளர்ந்த முறையை இன்று உலகம் முழுவதும் சொல்லித்தருகிறார்கள்.

எங்கே, எப்படிச் செய்வது?

தரையில் பாய் விரித்து, மேலே ஜமுக்காளம் போட்டுக்கொள்ளுங்கள். கயிற்றுக் கட்டில் ஆகாது, குழிந்துவிடும். தரையில் இறங்க முடியாதவர்கள் மரக்கட்டிலில் செய்யலாம். எழுந்து ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை, மாலையில் ஒருமுறை போதும். வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் வேண்டாம். எழும்போது அப்படியே நிமிராமல், ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழ வேண்டும். மூச்சை அடக்காமல் செய்ய வேண்டும்.

1. கால் உயர்த்தி ஓய்வு: மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, கெண்டைக்கால்களை ஒரு நாற்காலி அல்லது பெட்டியின் மேல் வையுங்கள். 5 முதல் 10 நிமிடம். வலி கடுமையாக இருக்கும் நாளில் இது மட்டும் போதும்.

2. குப்புறப் படுத்தல்: கைகளைப் பக்கவாட்டில் வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, உடம்பைத் தளர்த்திப் படுங்கள். 2 நிமிடத்தில் தொடங்கி 5 நிமிடம் வரை. இடுப்பு வலித்தால் அடிவயிற்றின் கீழ் ஒரு மெல்லிய தலையணை வைக்கலாம்.

3. முழங்கை ஊன்றல்: இரண்டாவது பயிற்சி இரண்டு மூன்று நாள் நன்றாக ஒத்துக்கொண்ட பிறகு, குப்புறப் படுத்தபடி முழங்கைகளைத் தோளுக்கு நேர்கீழே ஊன்றி மார்பை உயர்த்துங்கள். இடுப்பு தரையிலேயே இருக்கட்டும். அரை நிமிடம் இருந்து இறங்குங்கள். 3 முதல் 5 முறை.

4. கை ஊன்றல்: மூன்றாவது பயிற்சியில் கால்வலி மேலே ஏறியவர்களுக்கு மட்டும். உள்ளங்கைகளை ஊன்றி, கையின் பலத்தால் மார்பை மெதுவாக உயர்த்தி இறக்குங்கள். முதுகுத் தசையை இறுக்க வேண்டாம். 5 முறையில் தொடங்கி 10 முறை வரை.

5. இடுப்பை அழுத்துதல்: மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்துப் பாதங்களைத் தரையில் வையுங்கள். அடிவயிற்றை இறுக்கி, இடுப்புக்கும் பாய்க்கும் நடுவில் உள்ள இடைவெளியை மெதுவாக அழுத்துங்கள். 5 எண்ணும் வரை வைத்து விடுங்கள். 10 முறை.

6. பாலம்: அதே நிலையில் பிட்டத்தை இறுக்கி, இடுப்பை ஒரு சாண் உயர்த்துங்கள். 5 எண்ணி இறக்குங்கள். 5 முறையில் தொடங்கி 10 முறை வரை. முதுகு அதிகம் வளையக் கூடாது.

7. கையும் காலும் நீட்டுதல்: குழந்தை தவழும் நிலையில் இருந்து, வலது கையை முன்னாலும் இடது காலைப் பின்னாலும் நீட்டுங்கள். முதுகின் மேல் ஒரு செம்புத் தண்ணீர் இருந்தால் சிந்தாது என்ற அளவுக்கு உடம்பு ஆடாமல் இருக்க வேண்டும். 5 எண்ணி, பக்கம் மாற்றுங்கள். ஒவ்வொரு பக்கமும் 5 முறை. ஆரம்பத்தில் காலை மட்டும் நீட்டினாலும் போதும்.

8. நடை: இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. சமமான சாலையில் 5 நிமிடம், நாளுக்கு மூன்று முறை. மூன்று நாளுக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் கூட்டிக்கொண்டே போகலாம். வரப்பில் நடப்பதைக் கால் பலம் திரும்பும் வரை தள்ளிப்போடுங்கள்.

முதல் இரண்டு வாரம் 1, 2, 5, 8 ஆகியவை. ஒத்துக்கொண்டால் இடையிலேயே 3-ஐயும், பிறகு 4-ஐயும் சேர்க்கலாம். மூன்றாவது வாரத்தில் 6, நான்காவது வாரத்தில் 7. ஒரு நாள் வலி கூடினால் முந்தைய வாரத்துக்குத் திரும்பினால் போதும், விட்டுவிட வேண்டாம்.

குனிந்து கால்விரலைத் தொடுவது, மல்லாந்து படுத்து இரண்டு கால்களையும் ஒன்றாகத் தூக்குவது, படுத்த நிலையிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சி ஆகியவை இப்போது வேண்டாம். முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வதும், இடுப்பைத் திருகிச் சொடக்கு எடுப்பதும் கூடவே கூடாது. மிதித்து உள்ளே தள்ளிவிடக்கூடிய பொருள் அல்ல ஜவ்வு.

போய்வர முடியாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், தேவைப்படுகிறவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவச் சீட்டைக் காட்டிக் கேளுங்கள். ஒருமுறை நேரில் செய்துகாட்டித் திருத்திவிட்டாலே வீட்டில் தொடர எளிதாக இருக்கும்.

வேலைக்குத் திரும்பும்போது

பயிற்சி செய்வது ஒரு நாளில் அரை மணி நேரம். மீதி நேரம் வயலிலும் தொழுவத்திலும் பழையபடி குனிந்தால் பலன் நிற்காது. நடந்தால் கால்வலி வராத நிலை வந்த பிறகு, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, மடை பார்ப்பது, தண்ணீர் பாய்ச்சுவது போன்ற நின்றபடி செய்யும் வேலைகளில் தொடங்க வேண்டும்.

மூட்டை: யூரியா மூட்டை 2018 முதல் 45 கிலோ. கொள்முதல் நிலைய நெல் சிப்பம் 40 கிலோ. இவற்றைத் தனியாளாகத் தூக்குவதை இனி விட்டுவிட வேண்டும். உரத்தை மூட்டையைப் பிரித்து வாளியில் பாதி பாதியாக எடுத்துப் போகலாம். எதைத் தூக்கினாலும் முழங்காலை மடக்கி, பொருளை வயிற்றோடு ஒட்டிப் பிடித்து எழுங்கள். தூக்கியபடி இடுப்பைத் திருகாதீர்கள், பாதத்தை நகர்த்தித் திரும்புங்கள்.

ஸ்பிரேயர்: 16 லிட்டர் டேங்க் நிரம்பினால் கருவியோடு சேர்த்து 20 கிலோவைத் தாண்டும். பாதி நிரப்புங்கள். தரையிலிருந்து தூக்காமல், திண்ணை அல்லது மேடை மேல் வைத்துத் தோளில் மாட்டுங்கள்.

களை: குனிந்து பறிப்பதைக் குறைத்து, வரிசை நடவில் கோனோ வீடர், மேட்டுப்பயிரில் நீண்ட கைப்பிடிக் களைக்கொத்து என்று மாறலாம். குனிய வேண்டியிருந்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து, இடுப்பில் கைவைத்துப் பின்பக்கமாக 5 முறை மெதுவாக வளையுங்கள். நடவுக்குப் போகும் பெண்களுக்கும் இது பொருந்தும். பெரிய குடத்தை ஒரு பக்க இடுப்பில் வைப்பதைவிட, இரண்டு சிறிய குடங்களை இரண்டு கைகளில் எடுப்பது மேல்.

டிராக்டர்: அதிர்வு ஜவ்வுக்கு ஆகாது. அரை மணிக்கு ஒருமுறை இறங்கி நடங்கள். குதித்து இறங்க வேண்டாம். இறங்கியவுடன் எடை தூக்கவும் வேண்டாம். கனமான உழவு வேலைகளுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் இ-வாடகை மூலம் இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கலாம்.

அந்த இரண்டு மாடுகள்

முதல் ஆறு வாரம் கணவர் பால் கறக்க வேண்டாம், சாணிக்கூடை தூக்கவும் வேண்டாம். பிறகு முறையை மாற்றிக்கொள்ளலாம். காலைக் கறவையை வீட்டில் வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும். மாலைக் கறவை கணவருடையது. மாலையில் ஜவ்வு உப்பி இருக்காது. குந்தி உட்காராமல் ஓர் அடி உயர முக்காலியில், மாட்டை ஒட்டி உட்கார்ந்து கறந்தால் முன்னால் எட்டிக் குனிய வேண்டியிருக்காது. ஒரு மாடு முடிந்ததும் எழுந்து நாலடி நடந்துவிட்டு அடுத்த மாட்டுக்குப் போகலாம். சாணியை நீண்ட கைப்பிடி மண்வெட்டியால் தள்ளி, அரைக்கூடையாக எடுக்கலாம். புல்கட்டை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம்.

காலை வேலைக்கு மாற்று ஆள் இல்லாத வீட்டில், கறப்பவர் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து நடமாடிவிட்டுத் தொழுவத்துக்குப் போனால் போதும். மூன்று மாதம் இப்படிப் பார்த்துவிட்டு, அதன் பிறகும் முடியவில்லை என்றால் மாட்டைப் பற்றி யோசிக்கலாம். வலி உச்சத்தில் இருக்கும்போது விற்கும் மாட்டுக்கு நல்ல விலையும் கிடைப்பதில்லை.

வாசகர் கேள்விகள்

கேள்வி: இடுப்பு பெல்ட்டை நாள் முழுவதும் போட்டிருக்கலாமா?

பதில்: வேண்டாம். பயணம், வேலை நேரம் என்று ஓரிரு மணி நேரம் போடலாம், அதுவும் சில வாரங்களுக்குத்தான். எப்போதும் போட்டிருந்தால் இடுப்புத் தசைகள் வேலையை மறந்துவிடும். பெல்ட் போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் மூட்டை தூக்குவதும் ஆபத்து.

கேள்வி: 66 வயது. நூறடி நடந்தால் இரண்டு கால்களும் கடுக்கின்றன. உட்கார்ந்தாலோ முன்னால் சாய்ந்தாலோ சரியாகிவிடுகிறது. மேலே சொன்ன பயிற்சிகள் பொருந்துமா?

பதில்: நரம்பு செல்லும் பாதை வயதினால் குறுகியிருந்தால் இப்படி இருக்கும். அப்படியானால் முதுகைப் பின்னால் வளைக்கும் 2, 3, 4 ஆகிய பயிற்சிகள் வலியைக் கூட்டக்கூடும், செய்ய வேண்டாம். கால் ரத்தக்குழாய் அடைப்பிலும் நடந்தால் கால் கடுக்கும் என்பதால், முதலில் மருத்துவரிடம் காட்டி எது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: வெந்நீர் ஒத்தடமும் எண்ணெய் தேய்ப்பும் ஜவ்வை உள்ளே அனுப்புமா?

பதில்: அனுப்பாது. ஆனால் இறுகிய தசை தளரும், வலி சற்றுக் குறையும். ஆகவே பயிற்சிக்கு முன் 10 நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம். மரத்துப்போன இடத்தில் சூடு வைக்க வேண்டாம். சுட்டாலும் தெரியாது. சர்க்கரை நோயாளிகள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். எண்ணெயை மெதுவாகத் தடவினால் போதும்.

கேள்வி: வலி போய்விட்டது. ஜவ்வு உள்ளே போய்விட்டதா என்று மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

பதில்: மருத்துவர் கேட்டால் தவிரத் தேவையில்லை. வலியே இல்லாத 50 வயதுக்காரர்களுக்கு ஸ்கேன் எடுத்தாலும் பாதிப் பேருக்கு மேல் ஜவ்வுப் பிதுக்கம் தெரியும். தலைமுடி நரைப்பதைப்போல அதுவும் வயதின் அடையாளம்தான். படத்தைவிட, எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்பதே சரியான கணக்கு. அந்தப் பணத்தில் ஒரு நீண்ட கைப்பிடிக் களைக்கொத்தும் ஒரு முக்காலியும் வாங்கிவிடலாம்.

கேள்வி: வலி நின்ற பிறகு பயிற்சியை நிறுத்திவிடலாமா?

பதில்: 5, 6, 7 ஆகியவற்றை வாரத்தில் மூன்று நான்கு நாளாவது தொடருங்கள். நைந்த டயர் புதிதாகிவிடுவதில்லை. சுற்றியுள்ள தசைகள்தான் அதைத் தாங்குகின்றன. பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் விட்டுவிடுவதும் நல்லது. புகை, ஜவ்வுக்குப் போய்ச் சேரும் சத்தைக் குறைக்கிறது.